வீட்டு விஷயம் எழுத வேண்டாம்

1

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஊருக்குப் போடும் கடிதங்களில் இவ்வளவுதான் எழுதுவேன். வேலை என்றால் படிப்பிக்கிற வேலை அல்ல. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் துடைக்கிற வேலை. மேற்கு ஜெர்மனியின் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம் இது. இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா, மகன் அங்கேயும் மாஸ்டராகத்தான் இருக்கிறான் என்று தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இதை வாசிக்கிற யாராவது அவரிடம் உண்மையைச் சொன்னால் சொல்லட்டும். நான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அதைவிடப் பெரிய பொய்யைப் பற்றி.

செப்டெம்பரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்களை நடைபாதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் "நம் சுற்றாடல்" என்று தலைப்பு. அந்த அளவுக்கு எனக்கு இந்த மொழி வாசிக்க வரும். ஓடை, செத்த மீன், ஊசி உதிர்ந்து நிற்கிற மரம், ஆலையின் புகைபோக்கி. எல்லாம் நான் எதிர்பார்த்தவைதான். துடைத்துக்கொண்டே கடைசிப் படத்துக்கு வந்தேன். அதில் மரமும் இல்லை, மீனும் இல்லை. ஒரு வீட்டின் உட்சுவர். மேலிருந்து கீழே கோணலாக ஒரு வெடிப்பு. பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, கோடு கோடாகத் தேதி போட்டிருந்தது.

அன்று புதன்கிழமை. பிற்பகல் விளையாட்டுக்காகச் சில பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர்களில் சுபாவும் ஒருத்தி. நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரர் சிவராசா அண்ணரின் மகள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று. வீட்டில் "மாமா, மாமா" என்று சுற்றி வருவாள். பள்ளிக்கூடத்தில் வாளியோடு என்னைக் கண்டால், சுவரைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு வருத்தமில்லை. பதுளையில் படித்த காலத்தில், அப்பா மண்வெட்டியோடு பஸ் நிலையத்தில் நின்றபோது நானும் அப்படித்தான் போனேன்.

"சுபா, இதுல என்ன எழுதியிருக்கு?"

சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"இது தோமஸின்ரை, மாமா. அவையின்ரை வீட்டுச் சுவர் வெடிச்சிருக்காம். பக்கத்திலை புது றோட்டுக்குக் கிண்டுறாங்கள். அவன் ஒவ்வொரு கிழமையும் அளந்திருக்கிறான்."

"கீழ பச்சை மையில?"

"அது டீச்சர். 'மிக நல்ல அவதானம்' எண்டு போட்டிருக்கிறா. பிறகு, 'நகரசபைக்கு எழுதினாயா?' எண்டு கேட்டிருக்கிறா."

அவள் போய்விட்டாள். நான் அந்தப் பச்சை மை எழுத்தைப் பார்த்தபடி நின்றேன். நானும் ஒரு காலத்தில் ஒரு வெடிப்பின் கீழே எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில்.

2

எட்டு வருஷத்துக்கு முன்னால், லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் மாஸ்டர். ஹல்துமுல்லையில் அப்பா மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டுவார், அம்மா கொழுந்து பறிப்பார். இரண்டு பேருக்கும் பெருவிரல்தான் கையெழுத்து. எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான். மடிப்புக் கலையாத நீளக் காற்சட்டையோடு அந்தத் தகரக் கூரைப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த நாளில், மலையே என்னைத் திரும்பிப் பார்த்ததாக நினைத்தேன். வயது இருபத்தொன்று.

ஒரே மண்டபம், எட்டு வகுப்பு, மூன்று ஆசிரியர்கள். எட்டாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். பாடப் புத்தகத்தில் குளமும் வயலும் பனையும் இருந்தன. பனையின் பயன்கள் பத்தையும் அந்தப் பதினொரு பேரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு பனையைக்கூட யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

பதுளையில் நடந்த ஆசிரியர் வகுப்பு ஒன்றில், பிள்ளைகள் தாங்கள் கண்டதை எழுத வேண்டும் என்றார்கள். எனக்கு அது பிடித்துவிட்டது. திரும்பி வந்து ஆளுக்கு ஒரு "சுற்றாடல் கொப்பி" போட வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கிழமை கண்டதை எழுத வேண்டும். கல்வி அதிகாரி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் அட்டையைப் பற்றி எழுதினார்கள், நத்தையைப் பற்றி, காட்டுப்பன்றியைப் பற்றி எழுதினார்கள். ஒவ்வொன்றையும் வாசிக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

தவமணி என்றொரு பிள்ளை. பழனியம்மா அக்காவின் மூத்த மகள். மேட்டு லயத்தின் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்களில் ஒன்றில் இருந்தார்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. தங்கை ராணிக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்து வயது. தவமணி அந்த வெள்ளிக்கிழமை எழுதியது எனக்கு இன்னும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது:

"எங்கள் காம்பராவின் தரை வெடித்துள்ளது. தீபாவளிக்கு அம்மா மண்ணும் சாணியும் வைத்து மூடி மெழுகினார். பத்து நாளில் அதே இடத்தில் மறுபடியும் வெடித்தது. அடிமட்டம் வைத்து அளந்தேன். போன வெள்ளி கால் அங்குலம். இந்த வெள்ளி அரை அங்குலம். வெடிப்பு எங்கள் காம்பராவோடு நிற்கவில்லை. பக்கத்துக் காம்பராக்களிலும் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே வெடிப்பு. லயத்துக்கு மேலே சவுக்கு மரம் சாய்ந்திருக்கிறது. நாங்கள் குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் மழையில்லாத நாளிலும் கலங்கி வருகிறது."

லயத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண் தரை வெடிக்கும். ஏன் வெடித்தது என்று யாரும் கேட்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் மேட்டிலிருந்து ஒரு கூடை மண் வெட்டி வந்து, சாணியோடு பிசைந்து, உள்ளங்கையால் வழித்து மெழுகிவிடுவார்கள். பண்டிகை நாளில் வெடித்த தரையோடு இருக்கிற பொம்பளையை லயம் பேசும். பன்னிரண்டு காம்பராவிலும் பன்னிரண்டு பெண்கள், தங்கள் தங்கள் பங்கு வெடிப்பை மட்டும் சுத்தமாக மூடியிருந்தார்கள். அது லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும் ஒரே கோடு என்பதைக் கண்டது, அடிமட்டத்தோடு காம்பரா காம்பராவாக ஏறி இறங்கிய ஒரு பிள்ளை மட்டும்தான்.

நான் அதை வாசித்தேன். எனக்கு மலை தெரியவில்லை. கல்வி அதிகாரி தெரிந்தார். அவர் இந்தக் கொப்பியைத் திறக்கிறார், வெடித்த தரையும் சாணியும் கலங்கிய தண்ணீரும் அவர் கண்ணில் படுகின்றன. அப்படி ஒரு காம்பராவிலிருந்துதான் நானும் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தவன். சிவப்பு மையில் எழுதினேன்: "வீட்டு விஷயம் எழுத வேண்டாம். இயற்கையைப் பற்றி எழுதவும்."

கொப்பியைத் திருப்பிக் கொடுத்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"சேர், காம்பரா சுற்றாடல்ல சேராதா?"

வகுப்பு சிரித்தது. பின் வாங்கிலிருந்து கணேசன், "சேர், அவ காம்பராவுக்குள்ள தேயில நட எடம் பாக்குறா சேர்!" என்றான்.

"ஒன் வாயில நடுறேன்டா. அங்கதான் நல்லா ஒரம் கெடக்கு" என்றாள் தவமணி திரும்பி.

மறுபடியும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்கத்தான் சத்தம் போட்டேன்.

"அடுத்தவங்க காம்பராக்குள்ள எல்லாம் பூந்து அளக்குறியாமே? சனங்கள பயங்காட்டிக்கிட்டுத் திரியாத. அதிகாரி வந்தா இந்தக் கொப்பியத்தான் காட்டணும். பறவை எழுது. பட்டாம்பூச்சி எழுது."

"இப்ப பட்டாம்பூச்சி இல்லையே சேர். மழ."

"அப்ப மழய எழுது."

அடுத்த வெள்ளி அவள் கொப்பியில் ஒரே வரி இருந்தது. "மழை பெய்கிறது." நான் அதற்கு "நன்று" போட்டேன்.

3

பொங்கலுக்கு ஒரு கிழமை இருந்தபோது நான்கு நாள் விடாத மழை. நான்காம் நாள் எட்டாம் வகுப்பில் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். கூரை ஒழுகியது, கரும்பலகையில் எழுத்து நிற்கவில்லை. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிள்ளைகள் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். தவமணி வாசலில் நின்றாள்.

"சேர், நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டா?"

"மழ பெருசாகுறதுக்குள்ள வீட்டுக்கு ஓடு."

ஓடினாள்.

பதினொரு மணி இருக்கும். பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டினால் வருகிற சத்தம். அது நிற்கவில்லை, நீண்டுகொண்டே போனது. பிறகு பச்சை மண் வாசனை. நான் ஓடிப் போனபோது மேட்டு லயத்தின் நடுவில் ஐந்து காம்பராக்கள் இருந்த இடத்தில் சேறு இருந்தது. ஒரு தேயிலைச் செடி வேரோடும் இலையோடும் நிமிர்ந்தபடியே கீழே வந்து நின்றது. பெரும்பாலானவர்கள் மலையில் வேலையில் இருந்ததால் உயிர் தப்பினார்கள். இரவு வேலை முடித்துத் தூங்கிய தவமணியின் அப்பா, பக்கத்துக் காம்பராவின் வயதான புருஷன் பெண்சாதி, தவமணி. நான்கு பேர். தோண்ட இரண்டு நாளாயிற்று.

வீடிழந்தவர்களை எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் வைத்தார்கள். மூன்றாம் நாள் பகல், பழனியம்மா அக்கா அந்த மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து நெஞ்சில் அறைந்துகொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்:

"எம் புள்ள ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க லயத்தவிட்டு எறங்கியிருப்போமே மாஸ்டர்! ஒரு வார்த்த சொல்லலியே!"

அவருக்குப் பின்னால், பத்து எட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில், அலமாரிக்குள் அந்தக் கொப்பி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொப்பியைச் சட்டைக்குள் வைத்து ஹல்துமுல்லைக்குக் கொண்டுபோனேன். அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன். "பழைய கொப்பியா?" என்று கேட்டார். "ஆமாம்மா." தண்ணீர் கொதித்தது, இரண்டு பேரும் குடித்தோம்.

அடுத்த மாதம் வேலையை விட்டேன். பிறகு கொழும்பில் ஒரு கடையில் வேலை. அந்தக் கடையும் எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் எரிந்தது.

4

இங்கே வந்து தஞ்சம் கேட்டபோது ஓர் அதிகாரி என்னை மூன்று மணி நேரம் விசாரித்தார். பிறந்த இடத்தின் தெரு என்ன, வீட்டிலக்கம் என்ன என்றார். ஏழாம் லயம், நாலாம் காம்பரா என்றேன். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தவர். லயம் என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார். குதிரை கட்டுகிற இடத்துக்கும் அதுதான் பெயர் என்று நான் சொன்னதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

"பிரஜாவுரிமை?"

"நாடற்றவர்."

"நீங்கள் பிறந்த நாட்டில்தானே இருந்தீர்கள்?"

"ஆமாங்க."

"அப்படியானால் அங்கே நீங்கள் வெளிநாட்டவரா?"

"ஆமாங்க." அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். தோட்டத்து ஆட்களுக்குப் பிறந்த நாட்டிலேயே பிரஜாவுரிமை இல்லை என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆசிரியர் வேலையை ஏன் விட்டீர்கள் என்று கடைசியாகக் கேட்டார். "பிரச்சினை" என்றேன். அவர் அதைக் கலவரத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. கலவரத்தில்தான் வேலையை விட்டேன் என்று ஆனதால், கோப்பில் என் வாழ்க்கை இரண்டரை வருஷம் தள்ளி நிற்கிறது. அந்தக் கந்தோரிலிருந்து பழுப்பு உறை ஒவ்வொன்று வரும்போதும், யாரோ கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே பிரிப்பேன். அவர்கள் கண்டுபிடிக்கக்கூடியது வெறும் தேதிதான். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

5

நான் மாஸ்டராக இருந்ததை சுபாதான் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொன்னாளோ, ஏன் சொன்னாளோ தெரியவில்லை. ஒக்டோபரில் அவளுடைய ஆசிரியை என்னை நடைபாதையில் நிறுத்தி, ஏழாம் வகுப்புக்கு வந்து உங்கள் நாட்டுப் பிள்ளைகள் சுற்றாடலை எப்படிப் படிக்கிறார்கள் என்று பேசுவீர்களா என்று கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பாதி புரிந்தால் நான் தலையாட்டுவது வழக்கம். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

தேயிலை எப்படி வளரும், அட்டை எப்படிக் கடிக்கும் என்று தயார் செய்துகொண்டு போனேன். சுபா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். அட்டைக் கதைக்கு எல்லாரும் "ஈ" என்று காலைத் தூக்கினார்கள். நன்றாகத்தான் போயிற்று. தோமஸ் கையை உயர்த்தும்வரை.

"உங்களின்ரை பிள்ளையள் என்னத்தை அவதானிச்சவை எண்டு கேக்கிறான், மாமா."

பட்டாம்பூச்சி என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் திறந்தது. அவன் மேசைமேல் அளவுகோல் கிடந்தது. "ஒரு பிள்ளை வீட்டுத் தரையில் இருந்த வெடிப்பை அளந்தாள்" என்று தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு வாக்கியமாக சுபா சொல்லிக்கொண்டே வந்தாள். சிவப்பு மைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"மாமா, 'எழுத வேண்டாம்' எண்டு எழுதினது ஆர்? நீங்களோ?"

"நான்தான்."

"அதை இவைக்குச் சொல்லவோ?"

"சொல்லு."

சொன்னாள். மீதியையும் சொன்னாள். குரல் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. ஆசிரியை சன்னல் பக்கம் திரும்பி நின்றார். மணி அடித்ததும் பிள்ளைகள் சத்தமில்லாமல் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்தார்கள். தரை துடைக்கிறவனுக்கு வசதியாக அப்படிச் செய்வது இங்கே வழக்கம். அன்றைக்கு அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால், வாசலில் சுபா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரும் நடந்தோம். அவளுடைய சிநேகிதிகள் எதிரே வந்தார்கள். அவள் சுவரைப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளையின்ரை அம்மாவுக்குத் தெரியுமோ, மாமா?"

"தெரியாது."

"இங்கையெண்டா நீங்கள் கட்டாயம் சொல்லோணும்."

"அங்கயும் அப்படித்தான் சுபா."

6

பழனியம்மா அக்கா கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு, தங்கை வீட்டோடு போய்விட்டார் என்று அம்மாவின் பழைய கடிதம் ஒன்றில் இருந்தது. அவருக்கு எழுதினேன். ஐந்து தரம் எழுதிக் கிழித்து, ஆறாவதைத் தபாலில் போட்டேன். எதையும் மழுப்பவில்லை. தவமணி கொப்பியில் எழுதிய ஒவ்வொரு வரியையும், அதன் கீழே நான் எழுதியதையும், அன்று வாசலில் அவள் கேட்டதையும், அடுப்பையும் எழுதினேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "உங்கள் பிள்ளை சொன்னாள். என்னிடம் சொன்னாள்" என்று முடித்தேன்.

பதில் தீபாவளி கழித்து, போன கிழமை வந்தது. எழுதியது ராணி. இப்போது அவளும் எட்டாம் வகுப்பு. தாய் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருக்கிறாள்:

"மாஸ்டருக்கு. நீங்க எழுதினத ராணி ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினா. அவ எங்கிட்டயும் சொன்னா மாஸ்டர். ஒரு தரம் இல்ல. மெழுகின தரைய ஏன்டி அடிமட்டத்தால கிண்டுறன்னு முதுகுல ரெண்டு போட்டேன். வயசுக்கு வரப்போற புள்ள ஊரான் காம்பராக்குள்ள பூந்து அளக்குதுன்னு நாலு பேரு பேசுனாங்க. அந்த ரோசம் எனக்கு. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஒங்க முன்னால கத்துனது, ஊரு கேக்கணும்னு கத்துனது. அவ கொப்பியில எழுதிவெச்சிருப்பாளோ, நீங்க பாத்திருப்பீங்களோன்னு இவ்வளவு காலமும் பயந்துகிட்டுத்தான் கெடந்தேன். நீங்க தலைய குனிஞ்சுகிட்டு ஆமாங்கன்னு சொன்னீங்களே, எல்லாம் தெரிஞ்சுதான் இந்த மனுசன் நம்மள காட்டிக் குடுக்கலன்னு நெனச்சேன். ஒங்களுக்காக மாரியம்மாவுக்கு வெளக்குப் போட்டேன்."

இந்த இடத்தில் நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றதை நினைத்துப் பார்த்தேன். அவர் கத்தினார், நான் குனிந்தேன். ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு நின்றிருக்கிறோம். நடுவில் அந்தப் பிள்ளை. அவள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை மீதியை வாசித்தேன். அன்றைக்கே வாசித்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு மாஸ்டர். இப்ப இருக்குற லயத்துலயும் தரை வெடிச்சிருக்கு. இந்தத் தீபாவளிக்கு நான் மெழுகல. தங்கச்சி ஏசுறா, லயமே காறித் துப்புது. ராணி அளக்குறா. முக்கால் அங்குலம் வந்திருச்சு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகிட்ட சொன்னோம். வேற காம்பரா இல்ல, பொங்கல் கழியட்டும் பாப்போம்னு சொல்றாரு. நமக்கு எறங்குறதுக்கு எங்க எடம் இருக்கு? நீங்க படிச்சவங்க. என்ன செய்யணும்னு எழுதுங்க."

உறையின் மேலிருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். கடிதம் வந்துசேரப் பன்னிரண்டு நாள் எடுத்திருந்தது. எங்கள் ஊவா மலைப்பக்கத்தில் மழை பிடிக்கிற மாதம் இது.

7

தபால் கந்தோருக்குப் போய், தந்தி என்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் இரண்டு படிவங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் பூக்கொத்து, மற்றதில் கறுப்புக் கரை.

"வாழ்த்தா, இரங்கலா?"

இரண்டும் இல்லை என்றேன். என் உச்சரிப்புப் புரியவில்லை என்று நினைத்துப் படங்களைத் தொட்டுக் காட்டி மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் இரண்டும் இல்லை என்றேன். கடைசியில் வெறும் படிவம் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார்.

இரண்டு தந்தி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன். என்ன மொழி என்று கேட்டு, பெயரை இரண்டு தரம் சொல்ல வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ஒன்று ஹல்துமுல்லைக்கு, அம்மாவுக்கு: "பழனியம்மா அக்காவும் ராணியும் வருவாங்க. வெச்சுக்குங்க." எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஏழு பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேராக இருக்கட்டும். அம்மா என்னைத் திட்டுவார், பிறகு பாயை ஒதுக்கிப் போடுவார். அது எனக்குத் தெரியும்.

மற்றது கொஸ்லந்தவுக்கு. "இன்னைக்கே எறங்குங்க. யாரையும் கேக்காதீங்க. ஹல்துமுல்லைக்கு எங்கம்மாகிட்ட போங்க. லயத்துல எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க." எல்லாரும் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் இருக்கும், கோயில் இருக்கும், ரோட்டோரம் இருக்கும். ஒரு படிவத்தில் அவ்வளவுதான் எழுத முடிந்தது.

இதை எழுதும் இந்த நிமிஷம்வரை எந்தப் பதிலும் இல்லை. உங்களில் யாருடைய காம்பராவிலாவது மூடிய தரை மறுபடி அதே இடத்தில் வெடித்தால், மழையில்லாத நாளில் பீலி கலங்கினால், மேட்டு மரம் சாய்ந்தால், இறங்கிவிடுங்கள். படித்தவனுக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தோட்டத்தில் தந்தி என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தபால்காரர் லயத்துக்குள் திரும்பும்போதே பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள். பிரித்து வாசிக்க ஆளைத் தேடுவதற்குள் பாதி லயம் கூடிவிடும். யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நன்றாக அழட்டும். அழுதுகொண்டாவது இறங்கட்டும்.